கே.ஜி.எஃப் சுரங்கத் தண்ணிய சுத்தம் பண்ணி பெங்களூருக்கு கொண்டு வரலாமா?

ஆஃபீஸ்ல கூட வேலை செய்ற தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணா, 2024 மார்ச்ல டேங்கர் தண்ணிக்கு நாம அவ்ளோ அலைஞ்சோம், அங்க பார்த்தா கோலார் தங்கவயல் கே.ஜி.எஃப்ல மூடின தங்கச் சுரங்கம் பூரா தண்ணி ரொம்பி சும்மா கிடக்குது, அதை பம்ப் பண்ணி ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வெச்சு சுத்தம் பண்ணி இங்க கொண்டு வர முடியாதா? அப்புறம் எங்க ஆயா வீட்டாண்ட சயனைடு மலையில, அதான் அந்த சுரங்கத்து கழிவு மண் மேட்டுல இருந்து மழை பேஞ்சா ஆரஞ்சு கலர்ல ஒரு தண்ணி வருது, அதுல சுண்ணாம்பு கொட்டினா சரியாயிடுமா?"

ரெண்டும் ஒரே கேள்வி மாதிரி தெரியும், ஆனா ரெண்டும் வேற வேற தண்ணி. அங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. நான் கே.ஜி.எஃப்ல சாம்பியன் ரீஃப்ஸ் தொழிலாளர் லைன் வீட்ல பொறந்து வளர்ந்தவன், அப்பா 2001 பிப்ரவரி 28 சுரங்கம் மூடுற வரைக்கும் ஷிப்ட் போனவரு, நான் அதுக்கப்புறம் மாரிகுப்பம் ட்ரெயின்ல பெங்களூருக்கு வேலைக்கு வந்து பீன்யால கழிவுநீர் பிளான்ட் பாக்க ஆரம்பிச்சவன். அதனால இதுல எனக்கு கொஞ்சம் சொந்த அக்கறையும் இருக்கு, கொஞ்சம் தொழில் தெரிஞ்ச திமிரும் இருக்கு, ரெண்டையும் பொறுத்துக்குங்க.

முதல்ல சட்டுனு ஒரு பதில்: சுத்தம் பண்ண முடியும். அதுல பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல, சுண்ணாம்பு, காத்து, ஒரு பெரிய தொட்டி, இதான். ஆனா சுரங்கத் தண்ணிய "ஒரு தடவை சுத்தம் பண்றது"னு ஒண்ணு கிடையாது. அது நம்ம வீட்டு சம்ப் கழுவுற மாதிரி இல்ல, டயாலிசிஸ் மாதிரி. ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. கம்பெனி போயிடும், ஆபீஸர் ரிட்டயர் ஆயிடுவாரு, தண்ணி மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். அந்த கரண்ட் பில்லும் சுண்ணாம்பு பில்லும் யாரு கட்டுறதுன்றதுதான் உண்மையான கேள்வி.

சரி, தண்ணி ஏன் கெட்டுப் போகுது? சின்ன வயசுல நாங்க எல்லாம் டம்ப் (கழிவு மண் மேடு) பக்கம் மின்னுற கல்லு பொறுக்கி தீப்பெட்டியில வெச்சிருப்போம், தங்கம்னு நினைச்சு. அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு. பூமிக்கு அடியில காத்து படாம இருக்கிற வரைக்கும் அது சாது. தோண்டி வெளிய எடுத்து, மாவு மாதிரி அரைச்சு, வெயில் மழையில போட்டா ஆக்சிஜனும் தண்ணியும் சேர்ந்து அதை சல்ஃபியூரிக் ஆசிடா மாத்தும், அதான் நம்ம பேட்டரி ஆசிட். இரும்பும் கரைஞ்சு வரும். இது மெதுவா நடக்கிற வேலைதான், ஆனா அசிடிதியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதுக்கு ஆசிட்தான் வீடு, இரும்புதான் சோறு. அது கரைஞ்ச இரும்பை அடுத்த நிலைக்கு மாத்தும், ஃபெரஸ்ல இருந்து ஃபெரிக். அந்த ஃபெரிக் இரும்பு திரும்பப் போய் பைரைட்டையே அரிக்கும், இதுக்கு காத்து கூட தேவையில்ல. அப்போ இன்னும் ஆசிட், இன்னும் இரும்பு, பாக்டீரியாவுக்கு இன்னும் சோறு. இப்படி ஒரு சக்கரம் மாதிரி சுத்தும். கலிஃபோர்னியால அயர்ன் மவுண்டன்னு ஒரு பழைய சுரங்கம், அங்க உள்ள சொட்டுற தண்ணியோட பிஎச் (ஆசிடை காட்டுற அளவு, ஏழு நடுநிலை, கீழ போகப் போக ஆசிட்) மைனஸ் 3.6 வரைக்கும் அளந்திருக்காங்க. பிஎச் பூஜ்யத்துக்கு கீழ போகும்னு காலேஜ்ல யாரும் எனக்கு சொல்லல.

தண்ணி ஆசிட் ஆனதும் அது போற வழியில இருக்கிற மத்த உலோகத்தையும் கரைச்சு கூட்டிட்டு வரும். அலுமினியம், மாங்கனீஸ், காப்பர், ஜிங்க், ஆர்செனிக், அந்தந்த பாறையில என்ன இருக்கோ அது. நீங்க பாக்குற ஆரஞ்சு கலர் இரும்பு மட்டும்தான். ஆபத்தானது எல்லாம் கலரே இல்லாம வரும்.

இப்போ கே.ஜி.எஃப் விஷயத்துக்கு வருவோம். அங்க ரெண்டு தண்ணி இருக்குன்னு சொன்னேன் இல்ல. ஒண்ணு ஷாஃப்ட்டுக்குள்ள, அதான் நேரா கீழ இறங்குற சுரங்கக் குழிக்குள்ள நிக்கிற தண்ணி. 3.2 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் தோண்டின சுரங்கம், சுரங்கம் ஓடின காலத்துல ராத்திரி பகலா பம்ப் ஓடும், பம்ப் நின்னதும் தண்ணி ஏற ஆரம்பிச்சது. இதை கேட்டா எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா ரொம்பின சுரங்கம் ஒரு விதத்துல நல்லது. தண்ணியில கரையுற ஆக்சிஜன் ரொம்ப கம்மி, லிட்டருக்கு 8 மில்லிகிராம் சுமாருக்கு, அதுலயும் அது நகர்ற வேகம் காத்துல நகர்றதை விட பத்தாயிரம் மடங்கு கம்மி. மூச்சு முட்டிப்போய் பைரைட் அடங்கிடும். ஆனா முதல் தடவை ரொம்பும்போது, அத்தனை வருஷமா சுவர்ல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்த உப்பெல்லாம் ஒரே அடியா கரையும், அந்த முதல் தண்ணிதான் படு மோசமா இருக்கும், அப்புறம் பல வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா தெளியும். அதுவும் மேல நல்ல தண்ணி, கீழ உப்பு கூடின கனமான தண்ணினு அடுக்கடுக்கா நிக்கும். மேல ஒரு பாட்டில் மொண்டு டெஸ்ட் பண்ணிட்டு "ஆஹா பரவாயில்லையே"ன்னு பம்பை போட்டா, மூணு மாசத்துல கீழ் அடுக்கு கலங்கி மேல வரும். அதோட, பம்ப் பண்ணி லெவலை இறக்கினா மறுபடி சுவருக்கு காத்து படும், அடங்கிக் கிடந்தத நாமளே எழுப்பி விட்ட மாதிரி ஆயிடும். சாம்பியன் லோடு (லோடுன்னா தங்கம் ஓடுற பாறை நரம்பு) பெரும்பாலும் குவார்ட்ஸ், பைரைட் மாதிரி சல்ஃபைடு கல்லு கம்மி, மேற்குப் பக்க லோடுகள்லதான் சல்ஃபைடு ஜாஸ்தி. அதனால எந்த ஷாஃப்ட்ன்றதை பொறுத்து தண்ணியே மாறும், "கே.ஜி.எஃப் தண்ணி"ன்னு பொத்தாம் பொதுவா ஒண்ணு கிடையாது.

ரெண்டாவது தண்ணிதான் உங்க ஆயா வீட்டாண்ட வர்றது. நம்ம ஊர்ல சயனைடு மலைன்னு சொல்ற டம்ப், மொத்தம் 13, சுமார் 3.3 கோடி டன் மண்ணு, எல்லாம் மில்லுல அரைச்சு தங்கத்தை எடுத்துட்டு கொட்டின பவுடர். காத்தடிச்சா வீட்டுக்குள்ள தட்டு மேல, துணி மேல, சோத்து மேல படியும், எங்கம்மா கொடியில காயப்போட்ட வெள்ளை வேட்டியை உதறினா மூக்குல ஏறும். மாவா அரைச்சதுன்றதால காத்தும் மழையும் படுற பரப்பு பல மடங்கு, அதனால பைரைட் வேலை எல்லாம் இங்கதான் நடக்கும்.

ஒரு சின்ன திருத்தம், எங்க ஊர்க்காரங்களே கோச்சுக்குவாங்க. சயனைடு மலைன்னு பேரு இருக்கிறதால எல்லாரும் சயனைடையே தேடுறாங்க. ஆனா வெறும் சயனைடு வெயில்ல சிதையும், பிஎச் 9.2க்கு கீழ இறங்கினா பாதிக்கு மேல வாயுவா மாறி பறந்துடும், மண்ணுல இருக்கிற பாக்டீரியாவும் தின்னும். பத்து இருபது வருஷம் வெயில் மழை பார்த்த மண்ணோட மேல் பகுதியில வெறும் சயனைடு பெருசா நிக்காது, நிக்கிறது இரும்போட கட்டிக்கிட்ட சயனைடு, அது அவ்ளோ சீக்கிரம் விஷமாகாது. மில்லுல சயனைடு போடும்போது அது வாயுவா பறக்கக் கூடாதுன்னு கூடவே சுண்ணாம்பு போட்டு பிஎச்சை பத்துக்கு மேலயே வெச்சிருப்பாங்க. அந்த சுண்ணாம்பு டம்போட சேர்ந்தே வந்தது, பல வருஷம் ஆசிடை அடக்கி வெச்சது. அது தீர்ந்ததும்தான் ஆரஞ்சு தண்ணி தலை காட்டும். அதனால அந்த தண்ணியில நீங்க முதல்ல தேட வேண்டியது ஆசிடும் ஆர்செனிக்கும் மத்த உலோகமும். சயனைடையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்குங்க, பேருக்காகவாவது.

இப்போ டெஸ்ட். நிறைய பேரு ஒரு பிஸ்லெரி பாட்டில்ல மொண்டு லேபுக்கு குடுத்துட்டு வந்துடுவாங்க, அந்த ரிப்போர்ட்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பாட்டில்லயே இரும்பு துரு பிடிச்சு அடியில உக்காந்துடும், கூட ஆர்செனிக்கையும் இழுத்துட்டு போய் உக்காந்துடும், லேப்காரன் மேல் தண்ணிய எடுத்து "ஆர்செனிக் இல்ல"ன்னு எழுதி குடுத்துடுவான். அதனால மூணு பாட்டில். ஒண்ணு அங்கயே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, ரெண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டது, அது உலோகத்துக்கு. ரெண்டாவது ஒண்ணும் போடாம கழுத்து வரைக்கும் ரொப்பி காத்து இல்லாம மூடினது, அது சல்ஃபேட்டுக்கும் ஆசிடிட்டிக்கும். மூணாவது சயனைடுக்கு, அதுல காஸ்டிக் சோடா போட்டு பிஎச் 12க்கு மேல ஏத்தினது. முதல் பாட்டிலையும் மூணாவது பாட்டிலையும் மாத்தி ஆசிட் விட்டுடாதீங்க, சயனைடு இருக்கிற தண்ணியில ஆசிட் விட்டா வர்றது விஷ வாயு, விளையாட்டு இல்ல.

பிஎச் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, இது நான் பட்டு கத்துக்கிட்டது. சில தண்ணி ஊத்தா வெளிய வரும்போது பிஎச் ஆறரை ஏழுனு பச்சைப்புள்ள மாதிரி இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். அம்பது அடி வாய்க்கால்ல ஓடினதும் பார்த்தா ஆரஞ்சு, பிஎச் நாலு. என்னன்னா உள்ள ஃபெரஸ் இரும்பு கரைஞ்சு வந்திருக்கும், காத்து பட்டதும் துருவா மாறும்போது அது ஆசிடை விடும். அதனால லேப்ல ஆசிடிட்டின்னு கேட்கணும், அதாவது மறைஞ்சு இருக்கிறதையும் சேர்த்து மொத்த ஆசிட், அதுவும் பெராக்சைடு விட்டு கொதிக்க வெச்சு பாக்குற ஆசிடிட்டி. அந்த நம்பர்தான் உங்க சுண்ணாம்பு பில்.

ஓட்டத்தை அளக்கிறது அதை விட முக்கியம். பக்கெட்டும் செல்ஃபோன் ஸ்டாப்வாட்சும் போதும். 20 லிட்டர் பக்கெட் ரொம்ப எத்தனை செகண்ட், அவ்ளோதான். ஆனா ஒரு தடவை இல்ல, மாசா மாசம், ஒரு வருஷம். மே மாசம் சொட்டுற இடம் அக்டோபர்ல ஓடையா இருக்கும். கோடையில அளந்து பிளான்ட் கட்டினவங்களோட பிளான்ட் எல்லாம் முதல் மழையிலயே வழிஞ்சிருக்கு.

இப்போ சுண்ணாம்பு கணக்கு. நம்பர் போட்டாதான் புரியும், அதனால ஒரு கற்பனை சுரங்கம் வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் தண்ணி, ஆசிடிட்டி லிட்டருக்கு 1000 மில்லிகிராம், அதுல இரும்பு 300 மில்லிகிராம். இதுக்கு ஒரு நாளைக்கு நீத்த சுண்ணாம்பு கணக்குப்படி 740 கிலோ. கடையில வர்ற சுண்ணாம்பு என்னைக்கு கணக்குப்படி நடந்திருக்கு, கால்வாசி கல்லும் மண்ணும் இருக்கும், அதனால ஒரு டன்னு வெச்சுக்குங்க. கிலோ 10 ரூபான்னு வெச்சா தினமும் 10,000 ரூபா, வருஷத்துக்கு 36 லட்சத்து சொச்சம், சுண்ணாம்புக்கு மட்டும். ஆள் கூலி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் தனி. பத்து லட்சம் லிட்டர்ன்றது பெரிய ஓட்டம் கூட இல்ல, பெங்களூர்ல நாலஞ்சு பெரிய அபார்ட்மெண்ட் ஒரு நாளைக்கு செலவு பண்ற தண்ணி.

வேலை எப்படி நடக்கும்னா, சுண்ணாம்புப் பாலை கலக்கி விடும்போது பிஎச் ஏறும், ஏற ஏற ஒவ்வொரு உலோகமா வரிசையில கீழ இறங்கும். ஃபெரிக் இரும்பு மூணரையிலயே உக்காரும், அலுமினியம் அஞ்சு கிட்ட, காப்பர் ஏழு கிட்ட, ஜிங்க் எட்டரை ஒன்பது, மாங்கனீஸ் பத்து வரைக்கும் அடம் பிடிக்கும். ஆனா மாங்கனீஸுக்காக பத்துக்கு ஏத்தினா ஏற்கனவே உக்காந்த அலுமினியம் எழுந்து மறுபடி கரைஞ்சுடும், அதனால ஒரே தொட்டியில எல்லாத்தையும் முடிக்கிறேன்னு நிக்கக் கூடாது. ஆர்செனிக் தனியா இறங்காது, இரும்பு உக்காரும்போது அதோட ஒட்டிக்கிட்டு இறங்கும். இரும்பு நமக்கு தொல்லைதான், ஆனா ஆர்செனிக் விஷயத்துல அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். கூடவே காத்து ஊதணும், ஃபெரஸ் ஃபெரிக்கா மாற. 7 கிராம் இரும்புக்கு 1 கிராம் ஆக்சிஜன் போதும், பிஎச் ஒரு படி ஏறினா இந்த மாற்றம் நூறு மடங்கு வேகம் எடுக்கும், அதனால முதல்ல சுண்ணாம்பு, அப்புறம் காத்து.

கேக்க அழகா இருக்கு இல்ல? நான் வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம், பீன்யால ஒரு எலக்ட்ரோபிளேட்டிங் யூனிட், பேரு வேணாம். அங்க ஆசிட் கழிவுக்கு இதே சுண்ணாம்பு வைத்தியம்தான், சுரங்கத்துக்கும் அதுக்கும் வேதியியல் ஒண்ணுதான். சனிக்கிழமை சாயந்திரம் சுண்ணாம்புப் பால் போற ஸ்லரி லைனை தண்ணி விட்டு ஃப்ளஷ் பண்ணாம வீட்டுக்கு போயிட்டோம். திங்கக்கிழமை காலையில வந்தா ரெண்டு இஞ்ச் பைப் பூரா சுண்ணாம்பு இறுகி கல்லா நிக்குது, டோசிங் பம்ப் முக்கிட்டு நிக்குது, பிஎச் மீட்டர் மட்டும் ஜம்முனு 8.5 காட்டுது. ஏன்னா மீட்டர் கண்ணாடி மேலயும் சுண்ணாம்பு படிஞ்சு அது அந்த சுண்ணாம்போட பிஎச்சைத்தான் காட்டிட்டு இருந்திருக்கு! கிளாரிஃபையர்ல, அதான் சேறு உக்கார்ற தொட்டியில, பார்த்தா அப்படியே ஆசிட். பைப்பை கழட்டி சுத்தியல் வெச்சு தட்டி, பேஜாரு. அதுக்கப்புறம் எந்த பிளான்ட்டுக்கு போனாலும் நான் முதல்ல கேக்குறது "மீட்டரை கடைசியா எப்போ கழுவினீங்க?". ஊரை விட்டு தள்ளி, ஆள் இல்லாத மூடின சுரங்கத்துல இந்த சனிக்கிழமை சாயந்திரத்தை யார் பாத்துக்கறது?

அப்புறம் சேறு. 300 மில்லிகிராம் இரும்பு துருவா மாறினா ஒரு நாளைக்கு காஞ்ச கணக்குல 600 கிலோ கிட்ட வரும், அலுமினியமும் ஜிப்சமும் (சுண்ணாம்பும் சல்ஃபேட்டும் சேர்ந்து உக்கார்றது) சேக்காமலே. ஆனா அது காஞ்சு வராது, கஞ்சி மாதிரி வரும், 100 கிலோவுக்கு 3 கிலோதான் மண்ணு, மீதி தண்ணி. அப்போ தினமும் 20 டன் ஆரஞ்சு கஞ்சி. எங்க கொட்டுவீங்க? உலோகம் எவ்ளோ இருக்குன்னு பார்த்து அபாயக் கழிவுன்னு வந்துட்டா டாபஸ்பேட் பக்கம் இருக்கிற குழிக்கு லாரி வெச்சு அனுப்பணும், டன்னுக்கு துட்டு. அதனால இப்போ உலகம் பூரா பண்றது என்னன்னா, உக்காந்த சேறுல ஒரு பங்கை திரும்ப எடுத்து, அதுல சுண்ணாம்பை கலந்து, அப்புறம் புது தண்ணிக்கு விடுறது. பழைய துகள் மேலயே புது இரும்பு படியும், துகள் கனமாகும், சேறு இறுகும். 3 சதவீதம் இருந்தது 25 சதவீதத்துக்கு வரும். 20 டன் இருந்த இடத்துல ரெண்டரை டன். அடர் சேறு முறைன்னு சொல்லலாம், தோசை மாவுக்கு பழைய மாவு ஒரு கரண்டி விடுற மாதிரிதான். அமெரிக்கால ஒஹாயோ பக்கம் இந்த இரும்பு சேறை காய வெச்சு வறுத்து ஓவியம் வரைய பெயிண்ட் நிறமியா விக்கிறாங்க, நிஜமாவே நல்ல செங்காவி. ஆனா ஆர்செனிக் கலந்த தங்கச் சுரங்கத்து சேறை வெச்சு அந்த யோசனைக்கு போகாதீங்க, அவங்களோடது நிலக்கரி சுரங்கத்து தண்ணி.

சரி, ஆர்.ஓ. தம்பி கேட்டான் இல்ல. ஆசிட் தண்ணிய நேரா ஆர்.ஓ.க்கு விட்டா மெம்பிரேன்ல இரும்பு படிஞ்சு ஒரு வாரத்துல போச்சு. சுண்ணாம்பு போட்டு இரும்பை எடுத்துட்டு விட்டாலும் ஒரு சிக்கல், சுண்ணாம்பால சல்ஃபேட்டை ஒரு அளவுக்கு மேல குறைக்க முடியாது, ஜிப்சம் கரையுற அளவு வரைக்கும் நிக்கும், லிட்டருக்கு 1500ல இருந்து 2000 மில்லிகிராம். குடிக்கிற தண்ணிக்கு இந்திய தரம் 200, வேற வழி இல்லன்னா 400. அதனால வெறும் சுண்ணாம்பு வைத்தியம் பண்ண தண்ணி ஆத்துல விடலாம், தொழிலுக்கு ஓரளவு ஆகும், குடிக்க ஆகாது, வயித்தால போகும். குடிக்கணும்னா அதுக்கு மேல ஆர்.ஓ. வேணும், அதோட ரிஜெக்ட் உப்புத் தண்ணிக்கு ஒரு வழி வேணும். முடியாதுன்னு இல்ல, தென்னாப்பிரிக்கால எமலாஹ்லேனின்னு ஒரு ஊரு, 2007ல இருந்து நிலக்கரி சுரங்கத்து தண்ணிய இப்படி சுத்தம் பண்ணி ஊருக்கு குடிக்க குடுக்குறாங்க. நம்ம நாட்டுலயே நாக்பூர் பக்கம் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் சுரங்கத்து தண்ணிய கோல் நீர்னு பாட்டில்ல அடைச்சு வித்தாங்க. கோல் நீர் கதையை வெச்சு "பாருங்க ஈஸி"ன்னு சொல்லாதீங்க, அந்த தண்ணி அவ்ளோ ஆசிட் கிடையாது.

ஆள் வெச்சு நடத்த முடியாத சின்ன ஓட்டத்துக்கு வேற வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். மெஷின் இல்லாம, மண்ணும் சாணியும் சுண்ணாம்புக் கல்லும் வெச்சு பண்றது. ஒரு குட்டை, அடியில சுண்ணாம்புக் கல்லு ஜல்லி, அது மேல ரெண்டடிக்கு மக்கின சாணி, வைக்கோல், மரத்தூள். தண்ணி மேல இருந்து கீழ இறங்கும். அந்த சாணி அடுக்கு ஆக்சிஜனை எல்லாம் குடிச்சுடும், காத்து இல்லாத இடத்துல வாழ்ற பாக்டீரியா சல்ஃபேட்டை தின்னு சல்ஃபைடா மாத்தும், அது உலோகத்தை புடிச்சு அங்கயே கட்டி வெச்சுடும், அதே வேலையில ஆசிடும் குறையும். அழுகின முட்டை நாத்தம் வரும், வந்தா சந்தோஷப்படுங்க, வேலை நடக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கோரை வளர்ற ஆழமில்லாத குட்டையில விட்டா மீதி இரும்பு படியும். நிறைய பேரு சாணிய விட்டுட்டு வாய்க்கால்ல வெறும் சுண்ணாம்புக் கல்லை கொட்டுவாங்க, ஆறு மாசத்துல கல்லு மேல துரு ஓடு மாதிரி மூடிக்கும், உள்ள கல்லு அப்படியே இருக்கும், வெளிய ஒரு வேலையும் நடக்காது. காத்துப் படாம மண்ணுல புதைச்ச சுண்ணாம்புக்கல் வாய்க்கால்னா ஓடும், ஆனா தண்ணியில ஃபெரிக் இரும்பும் அலுமினியமும் இல்லாம இருக்கணும், இருந்தா அடைச்சுக்கும்.

இதுக்கு இடம் வேணும். கோரைக் குட்டை ஒரு சதுர மீட்டர்ல ஒரு நாளைக்கு 10ல இருந்து 20 கிராம் இரும்பைத்தான் புடிக்கும். நம்ம கற்பனை சுரங்கத்துக்கு 300 கிலோ இரும்பு, பத்து கிராம்னு போட்டா ஏழரை ஏக்கர். பெங்களூர்ல ஏழரை ஏக்கர்னா வாயை பொளப்பாங்க, தங்கவயல்ல டம்ப் ஓரம் இடமா இல்ல. சாணியும் அஞ்சு பத்து வருஷத்துல தீர்ந்து போகும், வாரிட்டு புதுசு போடணும். மெஷின் இல்லன்னு சொன்னேனே தவிர வேலை இல்லன்னு சொல்லல.

பம்பை நிறுத்திட்டு சும்மா விட்டா என்ன ஆகும்ன்றதுக்கு இங்கிலாந்துல ஒரு நல்ல உதாரணம். கார்ன்வால்ல வீல் ஜேன்னு ஒரு தகரச் சுரங்கம். கே.ஜி.எஃப்பை தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி கூட்டிட்டு வந்த வெள்ளைக்காரங்கள்ல நிறைய பேரு அந்த கார்ன்வால் ஊர்க்காரங்கதான். வீல் ஜேன் 1991ல மூடினாங்க, பம்ப் நின்னுச்சு, தண்ணி ஏறுச்சு, 1992 ஜனவரில அடைப்பு பிச்சுக்கிட்டு கோடிக்கணக்கான லிட்டர் ஆரஞ்சு தண்ணி ஃபால் ஆத்து முகத்துவாரத்துல கலந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அங்க சுண்ணாம்பு பிளான்ட் ஓடுது. அமெரிக்கால கோல்ட் கிங் சுரங்கத்துல 2015 ஆகஸ்ட் 5, சுத்தம் பண்ண வந்த சுற்றுச்சூழல் துறை ஆளுங்களே அடைப்பை கிளறி விட்டு 1 கோடி லிட்டருக்கு மேல அனிமாஸ் ஆத்துல போச்சு, ஆறே மாம்பழச் சாறு மாதிரி. அதனால அடைப்பை எடுக்க போறதுக்கு முன்னாடி பின்னாடி எவ்ளோ தண்ணி எவ்ளோ உயரத்துக்கு நிக்குதுன்னு துளை போட்டு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

நம்ம நாட்டுல மேகாலயா ஜைந்தியா மலை. எலி வளை மாதிரி தோண்டின ஆயிரக்கணக்கான நிலக்கரி குழி, கம்பெனியே கிடையாது, யாரை புடிச்சு பில் கட்ட சொல்றது. லூகா ஆறு குளிர்காலத்துல பளீர்னு நீலமா ஓடும், டூரிஸ்ட் எல்லாம் ஃபோட்டோ எடுப்பாங்க, மீன் இருக்காது. பசுமைத் தீர்ப்பாயம் 2014ல அந்த தோண்டலை தடை பண்ணுச்சு, தடை பண்ணா தோண்டுறதுதான் நிக்கும், தோண்டின குழி ஆசிட் விடுறதை எந்த ஆர்டரும் நிறுத்தாது.

இப்போ பெங்களூருக்கு கொண்டு வர்ற கதை. பெங்களூருக்கு காவேரி தண்ணி கொண்டு வர்ற திட்டத்தோட அஞ்சாவது கட்டம், 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, அது மட்டுமே ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர். கே.ஜி.எஃப் ஷாஃப்ட் தண்ணி ஒரு குளம் மாதிரி, தேங்கினது, உறிஞ்சினா தீரும், அப்புறம் மழை ஊறி வர்ற அளவுதான். நூறு கிலோமீட்டர் பைப் போட்டு, அடுக்கு கலங்கின தண்ணிய ஆர்.ஓ. பண்ணி, ரிஜெக்டை எங்கயோ விட்டு, அதை ஒயிட்ஃபீல்டுக்கு கொண்டு வர்றதுக்கு நம்ம டேங்கர் மாஃபியாவே தேவலாம். கோலார் பக்கம் வறண்ட ஊரு, கே.ஜி.எஃப்புக்கே நூறு வருஷமா பெத்தமங்களா ஏரியில இருந்து தண்ணி வருது. பெங்களூரோட சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணிய கே.சி. வேலி திட்டத்துல கோலார் ஏரிகளுக்கு அனுப்பிட்டு, அங்க இருந்து சுரங்கத் தண்ணிய நாம கேக்குறது எனக்கு கொஞ்சம் கூச்சமா இருக்கு. அந்த தண்ணி நல்லதுன்னு டெஸ்ட்ல வந்தா முதல் பங்கு கே.ஜி.எஃப்லயே இருக்கிற ராபர்ட்சன்பேட், ஆண்டர்சன்பேட், லைன் ஜனங்களுக்கு.

2024 ஜூன்ல கர்நாடக கேபினட் அந்த 13 டம்பையும் மறுபடி தோண்டி மிச்சம் மீதி தங்கத்தை எடுக்க ஒத்துக்கிச்சு. வேலை வரும்னு ஊர்ல சந்தோஷம், எனக்கும்தான். ஆனா இருபது வருஷமா மேல் ஓடு காஞ்சு அடங்கின மண்ணை கிளறினா புது பைரைட் வெளிய வரும். டெண்டர்லயே தண்ணிய எங்க கட்டுறது, எங்க சுத்தம் பண்றது, முடிச்சுட்டு போகும்போது அடுத்த அம்பது வருஷத்து சுண்ணாம்பு துட்டை எந்த பேங்க்ல போட்டு வெச்சுட்டு போறதுன்னு எழுதி வாங்கணும். அது இல்லாம பாதியில போட்டுட்டு போனா பழைய டம்பை விட மோசம்.

கடைசியா ஆயா வீட்டு தண்ணி. தம்பி, வாய்க்கால்ல சுண்ணாம்பு மூட்டை கொட்டாத. முதல் வேலை மேட்டுல இருந்து ஓடி வர்ற மழைத் தண்ணி டம்புக்குள்ள போகாம மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி சுத்தி அனுப்புறது. உள்ள போகாத தண்ணிய சுத்தம் பண்ண வேண்டியதில்ல, இதை விட மலிவான வைத்தியம் எதுவும் கிடையாது. அது டம்ப் நிலம், அதனால நீயா மம்முட்டி எடுத்துட்டு போகாம நகரசபையில எழுதி குடு. அடிவாரத்துல ஒரு குட்டை வெட்ட முடியுமான்னும் சேர்த்துக் கேளு. ஆயா கிணறு இருந்தா அதை தனியா டெஸ்ட் பண்ணு, ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்கவும் வேணாம், கொதிக்க வெச்சும் வேணாம், கொதிக்க வெச்சா அது இன்னும் கூடும். அந்த ஆரஞ்சு தண்ணியில ஆடு மாடு வாய் வைக்காம பாத்துக்க.

நான் வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு போறேன், மூணு பாட்டிலும் ஃபில்டரும் நானே எடுத்துட்டு வர்றேன். நீ ஆயா வீட்டுல ஒரு 20 லிட்டர் பக்கெட் மட்டும் ரெடியா வை. சுண்ணாம்பு அடிச்ச பக்கெட் வேணாம், போன தடவை ஒருத்தர் அதுல மொண்டு குடுத்து பிஎச் பதினொண்ணுன்னு காட்டி அரை நாள் மண்டைய பிச்சுக்கிட்டேன்.